மால்வர்ன் காஸ் விளக்குகளைக் கழற்ற வேண்டாம்: ஒரு கோரிக்கை மனு

பெறுநர்: தெருவிளக்குகளுக்குப் பொறுப்பான அதிகாரி அவர்கள், கிரேட் மால்வர்ன், வூஸ்டர்ஷயர், இங்கிலாந்து.

பொருள்: பழைய காஸ் விளக்குகளைப் பழுதுபார்த்துத் தொடர்ந்து எரியவிடக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா/அம்மா,

வணக்கம். மால்வர்ன் குன்றுகளின் அடிவாரத்தில் இருக்கும் நம்முடைய ஊரில் சுமார் 100 தெருவிளக்குகள் இன்றைக்கும் நிஜமாகவே காஸில் எரிகின்றன. இவற்றை எல்.இ.டி.க்கு மாற்றாதீர்கள், பழுதானால் அதே இடத்தில் பழுதுபாருங்கள் என்று கேட்கத்தான் இந்த மனு.

கம்பத்தை அப்படியே வைத்துவிட்டு உள்ளே மட்டும் எல்.இ.டி. போட்டால் போதாதா என்று சிலர் கேட்கிறார்கள். போதாது. கண்ணாடிக் கூண்டைக் கிட்டே போய்ப் பார்த்தால் காரணம் தெரியும்: வெளிச்சம் தருவது சுடர் இல்லை, அந்தச் சூட்டில் ஒளிரும் மேண்டில் என்ற சிறு வலைப்பை. ஆஸ்திரிய வேதியியலாளர் கார்ல் அவுவர் 1885-ல் காப்புரிமை வாங்கியது, பெட்ரோமாக்ஸில் கட்டுகிறோமே அதே சங்கதிதான். முதல் தடவை பற்றவைத்ததும் துணி எரிந்துபோய், அதில் ஊறியிருந்த உப்புகள் ஆக்சைடு வலையாக நிற்கும், விரல் பட்டாலே உதிர்ந்துவிடும். இதைக் கையாளத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். விளக்கு போனால் அந்தக் கைவேலையும் சேர்ந்தே போகும், அப்புறம் எவ்வளவு செலவழித்தாலும் திரும்பாது.

1807-ல் லண்டன் பால்மால் தெருவில் காஸ் வெளிச்சத்தைக் காட்டினார்கள், 1816-ல் பிரெஸ்டன் நகரத்துக்கு வந்தது, பிறகு நாடெங்கும் பரவி, மின்சாரம் வந்ததும் பெரும்பாலான ஊர்களில் மறைந்தும் போனது. மிஞ்சியிருப்பதே கொஞ்சம். 2021 வாக்கில் லண்டனின் வெஸ்ட்மின்ஸ்டர் பகுதியில் சுமார் 300 காஸ் விளக்குகளை மாற்றத் திட்டம் வந்தபோது மக்கள் எதிர்த்தார்கள், அதனால்தான் அவற்றில் பல பிழைத்தன. இங்கே அப்படி ஒரு திட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டாம் என்பது என் எண்ணம்.

காஸ் எரித்தால் கார்பன் வெளியேறும், 2050-க்குள் நிகர உமிழ்வைப் பூஜ்யமாக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது, அதையெல்லாம் நான் மறுக்கவில்லை. சரி, பர்னரையும் டைமரையும் ஒழுங்காகச் சரிசெய்து வீணாவதைக் குறைக்கலாமே. ஊரில் வீடுகளைச் சூடாக்க எத்தனையோ ஆயிரம் காஸ் பாய்லர்கள் ஓடும்போது இந்த நூறு விளக்குகளிடமிருந்து கணக்குத் தொடங்குவது நியாயமாகப் படவில்லை.

ஆகவே, ஒவ்வொரு விளக்கும் எங்கே, எந்த நிலையில் இருக்கிறது, பாரம்பரியப் பட்டியலில் உண்டா இல்லையா என்பதை எழுதி வெளியிடுங்கள், ஏனென்றால் பட்டியலில் இல்லாததற்குச் சட்டக் காவல் குறைவு, வண்டி மோதிச் சாய்ந்தால் சத்தமில்லாமல் வேறொன்றை நட்டுவிடலாம். மேண்டிலும் கண்ணாடியும் கையிருப்பில் இருக்கட்டும். இளைஞர்கள் இரண்டு பேருக்காவது இந்த வேலையைக் கற்றுக்கொடுக்க ஏற்பாடு செய்யுங்கள். எதையாவது மாற்றத்தான் வேண்டும் என்றால் முதலில் அந்தத் தெருக்காரர்களைக் கேளுங்கள்.

பதிலை எழுத்தில் தரும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கிரேட் மால்வர்னில் குடியிருக்கும் ஒருவர்