மூன்றாவது ஆள் எங்கே படுப்பார்? நெல்லை டிராவல்ஸ்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

திருநெல்வேலி, தூத்துக்குடி, தென்காசி வட்டாரத்தில் டிராவல்ஸ் நடத்துகிற அண்ணாச்சிமார்களுக்கும் அங்கே சீட்டில் உட்கார்ந்து புக்கிங் பார்க்கிற தம்பி தங்கச்சிகளுக்கும் வணக்கம்.

காசிக்கும் ஷீரடிக்கும் ஆள் சேர்த்து அனுப்பிக்கொண்டிருந்த உங்கள் கடை வாசலில் இப்போது கப்பல் படமும் தொங்குகிறது. சென்னையிலிருந்து, கொச்சியிலிருந்து, விமானத்தில் போய் ஏறுவதென்றால் சிங்கப்பூரிலிருந்து என்று பல பேக்கேஜ். சந்தோஷமான விஷயம். கடலைப் பார்த்து வளர்ந்த சீமை இது. நம் ஊர்ப் பெரியவர்களும் ஒரு தடவையாவது கப்பலில் போய்வரட்டும்.

அப்படிப் போக வருகிறவர்களில் மூன்று பேராக வருகிறவர்களைப் பற்றித்தான் இந்த மடல். மகன், மருமகள், கூடவே அம்மா. கணவன் மனைவியோடு காலேஜ் படிக்கும் பிள்ளை. அல்லது ரிட்டயர் ஆன மூன்று டீச்சர்கள். பாளையங்கோட்டையில் பள்ளிக்கூடங்களுக்குக் குறைவில்லை என்பதால் இந்த வகை இங்கே கொஞ்சம் கூடுதல். மூவரும் ஒரே ரூம் கேட்பார்கள். நீங்களும் “மூணு பேருக்கு ரூம் இருக்கு, ஒண்ணும் கவலைப்படாதீங்க” என்று போட்டுக் கொடுத்துவிடுவீர்கள். அந்த இடத்தில் ஒரு நிமிஷம் நின்று, மூன்றாவது ஆள் எங்கே படுப்பார் என்று கேளுங்கள். உங்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான். மற்றதெல்லாம் அதற்கான காரணங்கள்.

கப்பல் கேபின் பெரும்பாலும் இரண்டு பேருக்கென்றே கட்டியது. கீழே இரண்டு கட்டில் இருக்கும். வேண்டுமென்றால் சேர்த்துப் போடுவார்கள், வேண்டாமென்றால் பிரித்துப் போடுவார்கள். மூன்றாவது படுக்கை சுவரிலோ கூரையிலோ மடித்து வைத்திருக்கும் மேல் பெர்த்தாக இருக்கும். இல்லையென்றால் ராத்திரி இழுத்து விரிக்கிற சோபாவாக இருக்கும். சில கப்பல்களில் ஒரே வகைக் கேபினிலேயே ஒரு நம்பரில் மேல் பெர்த், பக்கத்து நம்பரில் சோபா என்று மாறும். விளம்பரத் தாளில் இரண்டுக்கும் “மூவர் தங்கலாம்” என்று ஒரே வரிதான் இருக்கும். அறுபது தாண்டியவருக்கு அந்த இரண்டும் ஒன்றல்ல.

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். புக் செய்து கொடுத்தவர் யார் என்பது இங்கே வேண்டாம். நான், என் மதினி, எங்கள் சித்தி மூவரும் போனோம். சித்திக்கு வயது எழுபதுக்கு மேல். மதினிக்கு முழங்கால் தேய்மானம். கேபினுக்குள் போய்ப் பார்த்தால் கீழே இரண்டு கட்டில், மேலே சுவரில் ஒரு மூடி. ராத்திரி சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் ரூம் பையன் அதைத் திறந்து இறக்கி, விரிப்பு போட்டு, ஏணியையும் மாட்டி வைத்திருந்தான். ஒல்லியான கம்பிப் படி. வெறுங்காலில் மிதித்தால் பாதத்தை அறுக்கும். ஏறிய பிறகு மேலே நிமிர்ந்து உட்கார இடமில்லை. படுத்தபடியேதான் உள்ளே நகர வேண்டும். நான் ஏறுகிறேன் என்றேன். எனக்கு அடிக்கடி தலைசுற்றல் வரும் என்பதால் மதினி விடவில்லை, அவரே ஏறினார். மறுநாள் சாயங்காலம் அவர் காபியும் குடிக்கவில்லை, தண்ணீரும் குடிக்கவில்லை. ஏன் என்று கேட்டால் பதிலில்லை. பிறகுதான் சித்தி கண்டுபிடித்துச் சொன்னார்: ராத்திரி பாத்ரூம் போக அந்த ஏணியில் இறங்க வேண்டுமே என்று பயந்து, சாயங்காலத்திலிருந்தே தண்ணீரை நிறுத்தியிருக்கிறார். பிரஷர் மாத்திரை போடுகிறவர். அத்தனை அழகான கப்பலில், கடைசி நாள் வரைக்கும் அவர் அப்படித்தான் இருந்தார்.

ரிசப்ஷனில் போய்க் கேட்டோம். மரியாதையாகத்தான் பேசினார்கள். ஆனால் கப்பல் நிறைந்திருந்தது, மாற்றித்தர ரூம் இல்லை. நெல்லை எக்ஸ்பிரஸில் அப்பர் பெர்த் விழுந்துவிட்டால் எதிரே இருக்கும் காலேஜ் பையனிடம் “தம்பி, கொஞ்சம் மாத்திக்கிடுதியா?” என்று கேட்டுவிடலாம். கப்பலில் எதிரே யாரும் இல்லை. பூட்டிய கதவுக்குள் நாம் மூன்று பேர் மட்டும். அதனால் கரையில் இருக்கும்போதே இது முடிவாக வேண்டும், அந்த முடிவு உங்கள் கையில்தான் இருக்கிறது.

சோபா கிடைத்தால் பெரியவர்களுக்குப் பரவாயில்லை. ஆனால் அதிலும் பார்க்க வேண்டியது உண்டு. ஜன்னல் இல்லாத உள் கேபின் பல கப்பல்களில் குளியலறை, அலமாரி எல்லாம் சேர்த்து 150 முதல் 185 சதுர அடிக்குள் முடிந்துவிடும். அதில் சோபாவை விரித்தால் நடக்கத் தரை மிஞ்சாது. பால்கனி கேபினிலும் சோபா பெரும்பாலும் பால்கனிக் கதவுப் பக்கம்தான் இருக்கும். விரித்துவிட்டால், காசு கூடக் கொடுத்து வாங்கிய அந்தப் பால்கனிக்கு மற்றவர் படுக்கையைத் தாண்டித்தான் போக வேண்டியிருக்கும். எது குளியலறைக்குப் பக்கத்துப் படுக்கை என்றும் பாருங்கள். அதைப் பெரியவருக்குக் கொடுக்கச் சொல்லுங்கள். பல கேபின்களில் குளியலறை வாசலில் ஒரு படி உயரத்துக்குத் தடுப்பு இருக்கும். அரைத் தூக்கத்தில், ஆடுகிற தரையில், அதில் கால் இடறும். சக்கர நாற்காலிக்காரர்களுக்கென்று தடுப்பு இல்லாத, அகலக் கதவு வைத்த கேபின்கள் தனியாக உண்டு. அவை கொஞ்சம்தான் இருக்கும் என்பதால் தேவைப்படுகிறவர்களுக்கு முதல் ஆளாய்க் கேளுங்கள்.

அடுத்து காசு. “மூணாவது ஆளுக்குக் கிட்டத்தட்ட சும்மா மாதிரிதான்” என்று விற்கிறீர்கள். ஒரே கேபினில் மூன்றாவது ஆளுக்குக் கட்டணம் பெரும்பாலும் குறைவு என்பது உண்மைதான். ஆனால் துறைமுகக் கட்டணம், வரி, தினப்படி வாங்கும் சேவைக் கட்டணம் எல்லாம் தலைக்குத் தலை உண்டு. அதையும் கூட்டிச் சொல்லுங்கள். அப்புறம், இன்னொரு கணக்கையும் போட்டுக் காட்டுங்கள்: மூன்று பேருக்கு ஒரு பால்கனி கேபின் என்ன விலை, அடுத்தடுத்து இரண்டு உள் கேபின் என்ன விலை? ஒருவர் தனியாக ஒரு கேபின் எடுத்தால் பல கம்பெனிகளில் ஏறக்குறைய இரண்டு பேர் கட்டணம் கேட்பார்கள், அதனால் இரண்டு கேபின் என்றாலே நீங்கள் பேச்சை விட்டுவிடுகிறீர்கள். ஆனால் கூட்டம் குறைந்த தேதிகளில் அந்த இரண்டு விலையும் பக்கத்தில் பக்கத்தில் வருவது உண்டு. இரண்டு கேபின் என்றால் குளியலறையும் இரண்டு. எல்லோருக்கும் கீழ்க் கட்டில். கரையில் இறங்குகிற நாளில் மூன்று பெண்கள் ஒரே நேரத்தில் குளித்துச் சேலை கட்டி ஏழு மணிக்குள் கிளம்ப வேண்டும் என்றால், இரண்டாவது குளியலறையின் அருமை தெரியும். நடுவில் கதவு வைத்த இரட்டைக் கேபின்களும் உண்டு. வயதானவர் ஒரு பக்கம், பார்த்துக்கொள்கிறவர் மறுபக்கம் என்று இருக்க மிகத் தோதானவை. ஆனால் பக்கத்தில் தெரியாதவர்கள் இருந்தால் அந்தக் கதவு வழியாகப் பேச்சுச் சத்தம் எல்லாம் கேட்கும். மூவருக்கு ஒரே கேபின் போடும்போது அந்த வகையைத் தவிர்த்துவிடுங்கள்.

ஆட்கள் விலையை மட்டும்தான் கேட்கிறார்கள், நாங்கள் என்ன செய்வது என்று நீங்கள் சொல்வீர்கள். 1906இல் தூத்துக்குடியில் வ.உ.சி. சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியைத் தொடங்கியபோது, எதிர்த்து நின்ற வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே போய், கடைசியில் இலவசமாக ஏற்றிக்கொண்டு கையில் குடையும் கொடுத்தது என்று நம் பக்கம் இன்றைக்கும் சொல்வார்கள். அப்படியிருந்தும் காசு கொடுத்துச் சுதேசிக் கப்பலில் ஏறினவர்கள் இந்த ஊரில் இருந்தார்கள். விவரத்தை எடுத்துச் சொன்னால் நம் ஜனங்கள் கேட்டுக்கொள்வார்கள். ஆயிரம் இரண்டாயிரம் கூடினாலும், அம்மாவுக்குக் கீழ்க் கட்டில் என்றால் எந்த மகன் வேண்டாம் என்பான்?

கேபின் கப்பலில் எந்த இடத்தில் இருக்கிறது என்பதும் முக்கியம். நடுவில், கீழ்த் தளங்களில் ஆட்டம் குறைவு. முன்பக்கமும் உச்சித் தளமும் அதிகம் ஆடும். பக்கவாட்டு ஆட்டத்தைக் குறைக்கக் கப்பலின் இரு பக்கமும் துடுப்பு மாதிரி அமைப்பு உண்டு. முன்னும் பின்னும் தூக்கிப்போடுவதை அது அவ்வளவாகத் தடுக்காது. ஐப்பசி, கார்த்திகையில் வங்காள விரிகுடாவில் போகிறவர்களுக்கும், ஆனி ஆடியில் அரபிக்கடல் பக்கம் போகிறவர்களுக்கும் இதைச் சொல்லியே ஆக வேண்டும். மேல் பெர்த்தில் படுத்திருப்பவருக்குக் குமட்டல் வந்து இறங்க முடியாமல் போனால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

சத்தமும் உண்டு. நீச்சல்குளத் தளத்துக்கு நேர் கீழே இருந்தால் விடியற்காலையில் நாற்காலி இழுக்கிற சத்தம். பாட்டுக் கச்சேரி நடக்கிற தளத்துக்கு மேலே என்றால் நடுராத்திரி வரைக்கும் தரை அதிரும். ஒவ்வொரு தளத்துக்கும் வரைபடம் உண்டு. கேபின் நம்பரை வைத்து, அதற்கு மேலேயும் கீழேயும் என்ன இருக்கிறது என்று பார்க்க ஐந்து நிமிஷம்கூட ஆகாது. மேலும் கீழும் கேபின்களாகவே இருந்தால் நிம்மதி. முழங்கால் வலிக்காரர்களுக்கு லிஃப்டுக்கு நாலைந்து கதவு தள்ளிப் போடுங்கள். பெரிய கப்பல்கள் முந்நூறு மீட்டர் நீளம் வரும். சாப்பாட்டுக்கு ஒவ்வொரு வேளையும் அந்த வராந்தாவை நடந்து கடக்க வேண்டும்.

நம்பர் கொடுக்காமல், எந்தக் கேபின் என்பதைக் கம்பெனியே பிறகு முடிவு செய்யும் என்று குறைந்த விலையில் ஒரு வகை வருகிறது. இளவட்டங்களுக்குச் சரி. பெரியவர் ஒருவர் இருக்கும் மூவருக்கு அதைத் தயவுசெய்து விற்காதீர்கள்.

இன்னொன்றும் உங்களில் பலர் ஆட்களிடம் சொல்வதில்லை. மூவர் கேபினைத் தாமதமாகக் கேட்டால், கேபின் காலியாக இருந்தாலும் சில நேரம் “இரண்டு பேருக்குத்தான்” என்று பதில் வரும். காரணம் உயிர்காப்புப் படகு. ஆபத்து வந்தால் எந்தக் கேபின்காரர் எங்கே கூட வேண்டும், எந்தப் படகு என்று முன்பே ஒதுக்கியிருப்பார்கள். அந்தப் பகுதியின் ஆள் கணக்கு நிறைந்துவிட்டால் மூன்றாவது, நான்காவது ஆளைச் சேர்க்க மாட்டார்கள். 1912இல் டைட்டானிக் மூழ்கியபோது பாதிப் பேருக்குத்தான் படகு இருந்தது. 1914இல் உலக நாடுகள் கூடிக் கடல் பாதுகாப்பு விதிகளை எழுதினதற்கு அதுதான் காரணம். 2012இல் இத்தாலிக் கரையில் கோஸ்டா கான்கார்டியா என்ற பயணிகள் கப்பல் கவிழ்ந்த பிறகு, புறப்படும் முன்போ புறப்பட்ட உடனேயோ பயணிகளுக்கு ஆபத்துக்காலப் பயிற்சி நடத்த வேண்டும் என்று விதி இறுகியது. ஆகவே மூன்று பேர் என்று தெரிந்தால் சீக்கிரமே பதியச் சொல்லுங்கள், காரணத்தையும் சொல்லுங்கள். கூடுமிடம் எந்தத் தளம் என்று பார்த்து வைப்பதும் நல்லது. அவசர நேரத்தில் லிஃப்டைப் பயன்படுத்தக் கூடாது, படியில்தான் போக வேண்டும்.

சின்னப் பிள்ளைகளோடு வருகிறவர்களுக்கு: பல கப்பல்களில் ஆறு வயதுக்குக் குறைந்த பிள்ளையை மேல் பெர்த்தில் படுக்கவைக்க விடமாட்டார்கள். கைக்குழந்தை என்றால் தொட்டில் கேட்டு வாங்கலாம், ஆனால் அதை வைக்கத் தரை வேண்டும். கெட்டில், இஸ்திரிப் பெட்டி இரண்டையும் தீப்பயத்தால் பெரும்பாலான கப்பல்களில் வாங்கி வைத்துவிடுவார்கள். கஷாயத்துக்கு வெந்நீர் வேண்டுமென்றால் ரூம் பையனிடம் கேட்டால் கொண்டுவருவான் என்று பெரியவர்களிடம் முன்பே சொல்லி வையுங்கள்.

இனி உங்களிடம் கேட்பது. பாஸ்போர்ட் நம்பர் வாங்குகிற அந்தத் தாளில் மூன்று கேள்வியைச் சேருங்கள்: ஒவ்வொருவர் வயது என்ன, யாருக்காவது முழங்கால், இடுப்பு, தலைசுற்றல் உண்டா, ராத்திரி எழுந்து போகிறவர் யார். பணம் வாங்கும் முன் கேபின் நம்பரையும், மூன்றாவது படுக்கை மேல் பெர்த்தா சோபாவா என்பதையும் எழுதிக் கொடுங்கள். தள வரைபடத்தை வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். ஒரு கேபின் விலையையும் இரண்டு கேபின் விலையையும் ஒரே தாளில் போடுங்கள்.

கோடை விடுமுறைக்கான பதிவு தொடங்குவதற்குள் இதைச் செய்தால் போதும். வண்ணார்பேட்டையிலோ ஜங்ஷனிலோ எந்தக் கடையில் கூப்பிட்டாலும், நானும் மதினியும் ஒரு சனிக்கிழமை மத்தியானம் வந்து, உங்கள் பிள்ளைகளோடு உட்கார்ந்து அந்த வரைபடத்தை எப்படிப் படிப்பது என்று காட்டித் தருகிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருத்தி,
பாளையங்கோட்டை