எதிர்க்கட்சியைப் பார்க்காதே தம்பி: தேர்தல் அலுவலகத்தில் வேலை பார்க்கும் மாணவனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

பொங்கலுக்கு ஊருக்கு வந்திருந்தபோது நீ சொன்னது இன்னும் மனதை உறுத்திக்கொண்டே இருக்கிறது. "எதிரே ஆளே இல்லை சார், யார்கிட்ட தோற்கப் போறோம்?" என்றாய். ஆளுங்கட்சியின் தேர்தல் அலுவலகத்தில் சர்வே, புள்ளிவிவரம் என்று பொறுப்பான இடத்தில் இருக்கிறாய். அந்த இடத்தில் இருப்பவன் இப்படி நினைக்கலாமா என்பதுதான் என் கவலை. உன் பெயரையும் கட்சியையும் இங்கே எழுதவில்லை. உன் வேலைக்கு அதனால் இடைஞ்சல் வரக் கூடாது. எந்தக் கட்சியாக இருந்தாலும் நான் சொல்ல வருவது இதைத்தான்: நாட்டை ஆளும் கட்சியை அதற்கு எப்போதும் ஓட்டுப் போடாதவர்கள் தோற்கடிப்பதில்லை. போன முறை அதற்கு ஓட்டுப் போட்டவர்கள்தான் தோற்கடிக்கிறார்கள். அவர்கள் மனது விட்டுப்போன பிறகு எதிரே ஆள் இருக்கிறதா இல்லையா என்பது பெரிய விஷயமே இல்லை. ஆளை அவர்களே தேடிக்கொள்வார்கள்.

உதாரணத்துக்குத் தூரமாகப் போக வேண்டாம். ராமேஸ்வரத்துக்குச் சென்னையை விடக் கொழும்பு பக்கம். 2022 மார்ச்சில் நடந்தது உனக்கு நினைவிருக்கும். ஒரே நாளில் இலங்கையிலிருந்து 16 பேர் படகில் வந்து சேர்ந்தார்கள். அதில் ஒரு குடும்பத்தை அரிச்சல்முனைக்கு அருகே மணல் திட்டில் படகுக்காரர் இறக்கிவிட்டுப் போய்விட, கடலோரக் காவல் படைதான் கரை சேர்த்தது. கைக்குழந்தைகளும் இருந்தார்கள். போர் முடிந்து 13 வருடங்கள் ஆகப்போகிற நேரத்தில் மண்டபம் அகதிகள் முகாமுக்கு மறுபடியும் ஆள் வருகிறார்களே, என்ன நடக்கிறது அங்கே என்று நாம் எல்லோரும் கேட்டோம். அரிசி விலை, பால்மா விலை, வேலை இல்லை, இனி அங்கே பிழைக்க முடியாது என்றார்கள். அந்த வருடம் செப்டம்பரில் கொழும்பில் உணவுப் பொருள் விலை முந்தைய வருடத்தைப் போல ஏறத்தாழ இரு மடங்காகியிருந்தது.

இதில் ஒன்றைக் கவனி. மன்னாரிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வந்த தமிழர்களின் பகுதி 2019 ஜனாதிபதித் தேர்தலில் கோட்டாபய ராஜபக்ஷவுக்கு ஓட்டுப் போட்ட பகுதி இல்லை. வடக்கில் அவருக்குக் கிடைத்தது மிகச் சொற்பம். அவர்கள் எவ்வளவு வெறுத்தாலும் அந்த ஆட்சிக்கு ஆபத்து இருக்கவில்லை. அவர்களை ஓரமாக வைத்துவிட்டே 52 சதவீதம் வாங்கி ஜெயித்தவர் அவர். ஆட்சியை ஆட்டியவர்கள் வேறு. அதே மார்ச் 31-ஆம் தேதி இரவு கொழும்புக்குப் பக்கத்தில் மிரிஹானையில் அவருடைய வீட்டு முன்னால் போய் நின்ற கூட்டத்தையும், ஏப்ரலில் காலிமுகத்திடலில் கூடாரம் போட்டு உட்கார்ந்தவர்களையும் பார். அவர்களில் ஏராளமானோர் அவரைக் கொண்டாடி ஓட்டுப் போட்ட சிங்களக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். பெட்ரோலுக்கும் கேஸ் சிலிண்டருக்கும் வரிசையில் நின்று நின்று அலுத்துப்போனவர்கள்.

அங்கே விவசாயிக்கு என்ன நடந்தது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் தோல்வி முளைவிட்டது அங்கேதான் என்று நினைக்கிறேன். இயற்கை விவசாயத்துக்கு 10 வருடத்தில் படிப்படியாக மாறுவோம் என்று வாக்குறுதி கொடுத்துத்தான் கோட்டாபயவின் கட்சி வந்தது. 2021 ஏப்ரல் கடைசியில், படிப்படி என்ற பேச்சே இல்லாமல், ரசாயன உரமும் பூச்சிமருந்தும் இனி இறக்குமதி ஆகாது என்று அறிவித்தார்கள். அந்நியச் செலாவணி கரைந்துகொண்டிருந்தது, அதை மிச்சம் பிடிக்கும் எண்ணமும் அதில் இருந்தது. அனுராதபுரம், பொலன்னறுவை பக்கத்து நெல் விவசாயிகள் ராஜபக்ஷ குடும்பத்தைத் தங்கள் வீட்டு ஆட்களாக நினைத்தவர்கள். அவர்கள் வயலில்தான் முதல் அடி விழுந்தது. நம்முடைய திருவாடானை, ஆர்.எஸ்.மங்கலம் பக்கம் நினைத்துப் பார். மானாவாரி நெல் விதைத்து, ஐப்பசி மழை பெய்து, பயிர் எழும்பி நிற்கிற நேரத்தில் கூட்டுறவு சங்கத்தில் யூரியா இல்லை என்றால் அந்த வீட்டில் என்ன பேச்சு நடக்கும்? ஒரு வாரம் தாமதமானாலே எவ்வளவு கோபம் என்று நீயே பார்த்திருக்கிறாய். அங்கே போகத்துக்கே உரம் இல்லை. நவம்பரில் தடையைத் தளர்த்தினார்கள்; அதற்குள் விளைச்சல் போயிருந்தது, நம்பிக்கையும் போயிருந்தது.

எண்களையும் தருகிறேன், உனக்கு அதுதானே பிடிக்கும். 2020 ஆகஸ்டில் அந்தக் கட்சி, பொதுஜன பெரமுன, 225-ல் 145 இடம் வாங்கியது. ஓட்டு சுமார் 68.5 லட்சம். நான்கு வருடம் கழித்து, 2024 நவம்பரில், அதற்குக் கிடைத்தது 3 இடம், ஓட்டு மூன்றரை லட்சம். 2020-ல் வெறும் 3 இடம் வைத்திருந்த, அநுர குமார திசாநாயக்கவின் தேசிய மக்கள் சக்தி 159 இடம் பிடித்தது. அதன் ஓட்டு எவ்வளவு தெரியுமா? 68.6 லட்சம். ஏறத்தாழ அதே எண்ணிக்கை வேறு பெட்டிக்குப் போயிருக்கிறது. ஆள் மாறாமல் அப்படியே போனது என்று சொல்லவில்லை. இந்த முறை யாழ்ப்பாண மாவட்டத்தில்கூட அவர்களுக்கு 3 இடம் கிடைத்தது, அது புதிது. ஆனால் தெற்கின் ஓட்டு பெயர்ந்து போகாமல் இந்தக் கணக்கு வராது. ராஜபக்ஷக்களின் சொந்த மாவட்டமான அம்பாந்தோட்டையிலேயே தேசிய மக்கள் சக்திதான் முதலிடம். அப்புறம் பிரதான எதிர்க்கட்சியாக இருந்த சஜித் பிரேமதாசவின் கட்சிக்கு 40 இடம்தான். மக்கள் எதிர்க்கட்சி வரிசையில் முதலில் நின்றவரைத் தாண்டிப் போய், கடைசியில் நின்றவர் கையில் நாட்டைக் கொடுத்தார்கள். எதிரே ஆளே இல்லை என்று 2020-ல் கொழும்பில் யாராவது சொல்லியிருந்தால் யாரும் மறுத்திருக்க மாட்டார்கள்.

நீ இன்னொன்றும் சொன்னாய். தேர்தலுக்கு ஆறு மாதம் முன்னால் நாலு சலுகை கொடுத்தால் சரியாகிவிடும் என்று. அதற்கும் பதில் அந்தக் கரையிலேயே இருக்கிறது. 2022 ஜூலையில் கோட்டாபய நாட்டை விட்டுப் போன பிறகு, பெரமுன எம்பிக்களின் ஓட்டில் ரணில் விக்கிரமசிங்க ஜனாதிபதியானார். வரிசைகள் மறைந்தன. சர்வதேச நாணய நிதியத்தின் கடன் வந்தது. 2024-ல் பணவீக்கம் வெகுவாகக் குறைந்திருந்தது. புத்தகப் பொருளாதாரம் பார்த்தால் அவருக்கு நல்ல ஓட்டு விழுந்திருக்க வேண்டும். அந்த வருட ஜனாதிபதித் தேர்தலில் விழுந்தது 17 சதவீதம். விலை ஏறுவது நின்றது என்றால் ஏறிய விலை இறங்கியது என்று அர்த்தம் இல்லையே! சம்பளம் அப்படியே இருக்க, மூன்று வேளை சாப்பாட்டை இரண்டாக்கிய வீடு அந்த இரண்டு வருடத்தை மறக்குமா?

சரி, நம் நாட்டுக்கு வருகிறேன். 1977 மார்ச்சில் இந்திரா காந்தி தோற்றார். ஜனதா கட்சி என்று ஒன்று அந்த ஜனவரிக்கு முன்னால் கிடையவே கிடையாது. தலைவர்கள் பலர் சிறையிலிருந்து அப்போதுதான் வெளியே வந்திருந்தார்கள். உத்தரப்பிரதேசத்தில் 85 தொகுதியிலும், பீகாரில் 54 தொகுதியிலும் காங்கிரஸுக்கு ஒன்றுகூட இல்லை. ரேபரேலியில் அவரே தோற்றார். காரணம் நெருக்கடிநிலை என்று ஒரு வார்த்தையில் எழுதிவிட்டுப் போய்விடுகிறோம். கட்டாயக் குடும்பக் கட்டுப்பாடு யார் மேல் விழுந்தது? வட இந்தியாவின் ஏழைகள், தலித்துகள், முஸ்லிம்கள் மேல். டெல்லி துர்க்மான் கேட்டில் யார் வீடு இடிந்தது? இவர்கள்தான் சுதந்திரம் வந்த நாளிலிருந்து காங்கிரஸைத் தூக்கி நிறுத்தியவர்கள். காங்கிரஸின் பெரிய தலித் தலைவரான ஜகஜீவன் ராம் பிப்ரவரியில் வெளியேறியபோது அவர்கள் முடிவு உறுதியானது. அதே தேர்தலில் தமிழ்நாட்டில் அ.தி.மு.க.வும் காங்கிரஸும் சேர்ந்த கூட்டணி 39-ல் 34 இடம் வாங்கியது, நம் ராமநாதபுரமும் அந்தப் பக்கம்தான். இங்கே தி.மு.க. ஆட்சியைக் கலைத்தார்கள், ஆட்களைச் சிறையில் போட்டார்கள். அந்த வலி தி.மு.க.காரர்களின் வலி, காங்கிரஸுக்கு ஓட்டுப் போடுகிற வீட்டில் அது இறங்கவில்லை. கொடுமை சிறிது என்று சொல்ல வரவில்லை. ஓட்டு எங்கே நகர்கிறது என்பதை மட்டும் பார்க்கச் சொல்கிறேன்.

பத்திரிகைகளுக்குத் தணிக்கை போட்டதில் அந்த அரசுக்கே பெரிய நஷ்டம் என்பது என் கருத்து. கிராமத்தில் என்ன நடக்கிறது என்ற செய்தி மக்களுக்குப் போகாமல் தடுத்தார்கள். டெல்லிக்கும் அது போகாமல் நின்றது.

2004 மட்டும் கொஞ்சம் வேறு மாதிரி, அதை மறைக்க மாட்டேன். 'இந்தியா ஒளிர்கிறது' என்ற விளம்பரம், நல்ல வளர்ச்சி, வாஜ்பாய்க்குத் தனிப்பட்ட மரியாதை எல்லாம் இருந்தது. தேர்தலை முன்கூட்டியே வைத்தார்கள். கருத்துக்கணிப்புகள் தேசிய ஜனநாயகக் கூட்டணியைத்தான் முன்னால் காட்டின. முடிவு வந்தபோது பா.ஜ.க.வின் ஓட்டு ஒன்றரை சதவீதம்தான் குறைந்திருந்தது. காங்கிரஸின் ஓட்டு சதவீதமும் குறைந்தது! ஆனாலும் அதன் இடம் 114-லிருந்து 145 ஆனது. இங்கே விட்டுப்போனது கூட்டாளிகள். 1999-ல் தி.மு.க., பா.ம.க., ம.தி.மு.க. எல்லாம் பா.ஜ.க.வோடு நின்று தமிழ்நாட்டில் 26 இடம் கொடுத்தன. 2004-ல் அவை காங்கிரஸ் பக்கம். பா.ஜ.க. சேர்ந்துகொண்ட அ.தி.மு.க.வோ அப்போது மாநிலத்தில் ஆட்சியிலிருந்து, அரசு ஊழியர்களைக் கூட்டமாக வேலைநீக்கம் செய்து, விவசாயிகளின் இலவச மின்சாரத்தை நிறுத்தி, வசதியானவர்கள் என்று ரேஷன் அட்டையில் 'எச்' முத்திரை குத்தி, எல்லோருடைய வெறுப்பையும் சம்பாதித்து வைத்திருந்தது. 26 பூஜ்யம் ஆனது. ஆந்திராவில் சந்திரபாபு நாயுடுவின் 29 இடம் 5 ஆனது. கணினி நகரத்தின் பெருமை வறட்சியில் கிடந்த கிராமத்துக்குப் போய்ச் சேரவில்லை. இந்த இரண்டு மாநிலங்கள் போதும், டெல்லி கைமாறியது. ஜெயலலிதா தோற்ற சில நாட்களிலேயே அந்த உத்தரவுகளை ஒவ்வொன்றாகத் திரும்பப் பெற்றார். எது வலித்தது என்பது அவருக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது, தாமதமாகத்தான் ஒப்புக்கொண்டார்.

2024-ல் நம் பக்கம் பா.ஜ.க.வினர் கச்சத்தீவைப் பெரிய பேச்சாக்கினார்கள். 1974 ஒப்பந்தம், யார் கொடுத்தார்கள், யாருக்குத் தெரியும் என்று டெல்லியிலிருந்தே பேசினார்கள். அந்தக் கூட்டணிக்குத் தமிழ்நாட்டில் ஒரு இடமும் கிடைக்கவில்லை, ராமநாதபுரத்தில் அவர்கள் ஆதரித்தவரும் ஜெயிக்கவில்லை. கச்சத்தீவு நமக்கு முக்கியம் இல்லை என்று யாரும் சொல்லவில்லை. பிடிபட்ட படகு திரும்பி வருமா, டீசல் விலை என்ன, சிறையில் இருக்கும் மகனுக்கு அபராதம் யார் கட்டுவது என்று கேட்டுக்கொண்டிருந்த வீட்டில் போய் வரலாறு பேசினால் எடுபடாது. ஆனாலும் அந்தக் கட்சி 303-லிருந்து 240-க்கு இறங்கியது இங்கே இல்லை. இங்கே இழக்க அதற்கு எதுவும் இருக்கவில்லை. உத்தரப்பிரதேசத்தில் 62 இருந்தது 33 ஆனதே, அங்கேதான் இறங்கியது. கூட்டாளிகள் இருந்ததால் ஆட்சி தப்பியது.

ஆகவே தம்பி, எதிர்க்கட்சித் தலைவர் எத்தனை ஊர் சுற்றினார், அவர் கட்சியில் எத்தனை கோஷ்டி என்று எழுதிக் கொடுப்பதைக் கொஞ்சம் நிறுத்து. தேர்தல் ஆணையம் வெளியிடும் படிவம் 20-ல் பூத் வாரியாகக் கணக்கு இருக்கிறது. போன இரண்டு தேர்தலிலும் உங்கள் கட்சிக்கு அள்ளிக் கொடுத்த பூத்களை மட்டும் தனியாக எடு. எங்கே வாக்குப்பதிவு குறைந்திருக்கிறது என்று பார். உங்களுக்குப் போடுகிறவன் கோபம் வந்தவுடன் எதிரிக்குப் போட்டுவிட மாட்டான். முதலில் வீட்டிலேயே உட்கார்ந்துவிடுவான். அதை உன் சர்வே பிடிக்காது, ஏனென்றால் டேப்லெட்டோடு வந்து கேட்கிறவரிடம் "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். கரை வேட்டியும் அடையாள அட்டையும் இல்லாமல், விடியற்காலையில் மீன் ஏலம் நடக்கிற இடத்தில் நில். கடல் பாசி எடுக்கப் போகிற பெண்கள் படகுக்குக் காத்திருக்கும்போது அவர்கள் பேச்சைக் கேள். ரேஷன் கடை வரிசையில் நில். கேட்டதை மேலே அனுப்பும்போது தலைவருக்கு வருத்தம் வருமே என்று ஒரு வரியையும் குறைக்காதே. உனக்குச் சம்பளம் கொடுப்பதே அதற்குத்தான்.

சித்திரையில் வருவதாக உன் அம்மா சொன்னார்கள். ஏப்ரல் 15-க்குப் பிறகு வந்தால் நல்லது. மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியிருக்கும், விசைப்படகுக்காரர்கள் கரையில் வலை பழுது பார்த்துக்கொண்டிருப்பார்கள், பேச நேரம் இருக்கும். பாம்பன், தங்கச்சிமடம் இரண்டுக்கும் நானும் கூட வருகிறேன். உன் படிவத்தை மட்டும் பையிலேயே வைத்துக்கொள்.

அன்புடன்,
உன் பழைய ஆசிரியர்,
மண்டபம்