வாசகசாலைச் செயலாளரின் ஆண்டறிக்கை, 2025–26

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், தமிழக–கேரள எல்லையிலுள்ள வேலந்தாவளம் சோதனைச்சாவடிக்கு அந்தப் பக்கமிருந்தும் இந்தப் பக்கமிருந்தும் வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வழக்கமான காரியங்களை முதலில் முடித்துவிடுகிறேன். செயற்குழு தவறாமல் கூடியது. ஓணத்துக்குப் பூக்களமும் பொங்கலுக்குக் கோலமும் ஒரே வாசலில், ஒரே ஆட்கள் கையால் போடப்பட்டன. கரையான் அரித்த அலமாரியின் கீழ்த்தட்டு மாற்றப்பட்டது. இரவல் போன புத்தகங்களில் சில இன்னும் திரும்பவில்லை. வைத்திருப்பவர்கள் யார் என்பது அவர்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வரவு செலவைப் பொருளாளர் பிறகு வாசிப்பார்.

இந்த ஆண்டின் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டது ஞாயிறு மாலை நிகழ்ச்சிதான். அமெரிக்காவின் என்பிசி தொலைக்காட்சியில் 2006 செப்டம்பர் 25 அன்று தொடங்கிய ‘ஹீரோஸ்’ தொடரை உறுப்பினர்களுக்காகப் போட்டோம். வளைகுடாவிலிருந்து ஊர் திரும்பிய ஓர் உறுப்பினர் கொண்டுவந்த டிவிடி பெட்டிதான் காரணம். வசனம் ஆங்கிலம், அடியில் ஓடும் எழுத்தும் ஆங்கிலம். நம் ஆசிரியர் தேவையான இடத்தில் நிறுத்தித் தமிழில் சொல்வார். மலையாளத்தில் கேட்பவர்களுக்கு அதிலும் சொல்வார். கரண்ட் போனால் இன்வர்ட்டர்.

கதையை அறியாதவர்களுக்கு ஒரு வரி. உலகத்தில் அங்கங்கே சாதாரண மனிதர்களுக்கு அசாதாரண சக்தி வருகிறது. ஒருவன் பறக்கிறான், ஒருவன் காலத்தை நிறுத்துகிறான், ஒரு பெண்ணுக்கு எந்தக் காயமும் உடனே ஆறிவிடுகிறது, ஓர் ஓவியன் நடக்கப்போவதை வரைகிறான். நியூயார்க் நகரம் வெடித்துச் சிதறப்போகிறது என்பது அந்த ஓவியம் சொல்லும் சேதி. இவர்களைத் தேடிக் கிளம்புபவர் மொஹிந்தர் சுரேஷ், நம் சென்னைப் பேராசிரியர். இந்தப் பாத்திரம் இருந்ததால்தான் செயற்குழுவில் எதிர்ப்பில்லாமல் தீர்மானம் நிறைவேறியது. அவர் அப்பா பெயர் சந்திர சுரேஷ், மகன் மொஹிந்தர் சுரேஷ் என்றதும், “அப்ப சுரேஷுங்கறது தாத்தாவுங்களா?” என்று ஆட்டோ ஓட்டும் உறுப்பினர் கேட்டார். வேடம் போட்டவரின் சொந்தப் பெயர் செந்தில் ராமமூர்த்தி. அதையே வைத்திருந்தால் நமக்கு ஒரு குழப்பமும் வந்திருக்காது.

முதல் வாரமே யூகப் பதிவேடு ஒன்று திறந்தோம். விதிகள் மூன்று வரி. அடுத்த எபிசோடு போடுவதற்குமுன் எழுத வேண்டும். முன்பே பார்த்தவர்களும் கைபேசியில் எட்டிப் பார்த்தவர்களும் எழுதக்கூடாது; பிடிபட்டால் எல்லோருக்கும் டீ. காரணம் சொல்லாத யூகம் ஏறாது, “எனக்குத் தோணுச்சு” காரணமாகாது. இந்த மூன்றாவது விதிக்காக என்னிடம் சண்டை போட்டவர்கள் உண்டு. பதிவேட்டை இப்போது புரட்டிப் பார்ப்பவர்கள் விதி எதற்கென்று கண்டுகொள்வார்கள்.

வெடிக்கப்போவது யார் என்பது முதல் சீசன் முழுவதும் ஓடிய கேள்வி. உடம்பிலிருந்து கதிர்வீச்சு கக்கும் டெட் ஸ்ப்ரேக் வந்ததும் பெரும்பாலோர் அவர் பெயரை எழுதினார்கள். அது நேர்வழி யூகம். சித்தூர் அரசுக் கல்லூரியில் படிக்கும் தங்கை மட்டும் பீட்டர் பெட்ரெல்லி என்று எழுதினார். அருகில் நிற்பவனின் சக்தி தன்னால் பீட்டருக்கு வந்துவிடுகிறது. டெட்டின் பக்கத்தில் என்றைக்காவது போய் நின்றால் அதுவும் வரும். மற்ற சக்திகளையே அடக்கத் தெரியாதவன் இதை எப்படி அடக்குவான்? இதுதான் அவர் காட்டிய காரணம். உடனே தலைவர் வாலியைக் கொண்டுவந்தார். எதிரே நிற்பவனின் பலத்தில் பாதி வாலிக்குப் போய்விடும், எதிரிக்கு அவ்வளவும் குறையும். பீட்டர் எடுத்தால் யாருக்கும் எதுவும் குறைவதில்லை. சைலர் என்ற கொலைகாரன் எடுத்தால் கொடுத்தவன் உயிரோடு இருப்பதில்லை. ஆகவே வாலி இந்த இருவருக்கும் நடுவில் நிற்கிறான் என்று தலைவர் முடித்தார். அன்று எபிசோடு போட இருட்டிவிட்டது. குறை சொல்லவில்லை, அந்த ஞாயிறு எனக்குப் பிடித்த ஞாயிறு.

கிளேரின் பிறப்பு பற்றிய யூகத்தைத் தனியாகச் சொல்லியாக வேண்டும். காயம் ஆறும் அந்தப் பெண் தத்துப்பிள்ளை. பெற்றவர்கள் யாரென்று தெரியாது. நேதன் பெட்ரெல்லிதான் தகப்பன் என்று, தொடர் அதைக் காட்டுவதற்குப் பல வாரம் முன்பே எழுதிவைத்தவர் நம் ஓய்வுபெற்ற நர்ஸம்மா. அவர் சொல்லச் சொல்ல நான் எழுதியதை அப்படியே தருகிறேன்: “பெட்டியில வெச்சு ஆத்துல விட்ட புள்ளைக்கு அப்பன் பெரிய இடமாத்தான் இருப்பான். இந்தக் கதையில பெரிய இடம், எலக்ஷன்ல நிக்கறான் பாருங்க, அவன் ஒருத்தன்தான். வெளிய தெரிஞ்சா ஓட்டுப் போயிரும். சக்தி ரத்தத்துல வருதுன்னு அந்த மெட்ராஸ் தம்பி வேற சொல்லுது.” கர்ணன் கதை தெரிந்தவர் எவரும் முதல் பாதியைச் சொல்லியிருப்பார்கள். இரண்டாம் பாதி திரையை ஊன்றிப் பார்த்தவரின் கணக்கு.

கிளேரை வளர்த்த மனிதர், தடித்த சட்டக் கண்ணாடி போட்ட பென்னட், அவருடைய முதற்பெயரைச் சீசன் முழுக்கச் சொல்லாமலே வைத்திருந்தார்கள். பதிவேட்டில் அதற்கு ஒரு பக்கமே ஒதுக்கினோம். கடைசி எபிசோடில்தான் நோவா என்று தெரிந்தது. வேதாகமம் கரைத்துக் குடித்த உறுப்பினர் எழுந்து நின்று கைதட்டினார். பென்னட் வேலை பார்க்கும் கம்பெனியின் வழக்கம் ஜோடி போட்டு அனுப்புவது. சக்தி இல்லாத நம்மில் ஒருவர், சக்தி உள்ள அவர்களில் ஒருவர். வெள்ளத்துக்கு முன் உயிர்களை ஜோடி ஜோடியாக ஏற்றிய பேழைக்காரரின் பெயர் வேறெதுவாக இருக்க முடியும் என்று அந்த உறுப்பினர் கேட்டபோது யாருக்கும் மறுப்பில்லை. ஆனால் வாரக்கணக்கில் ஜோடிகளைப் பார்த்தும் அவரே அதை எழுதவில்லை என்பதைப் பதிவு செய்கிறேன்.

டிசம்பரில் ஒரு தற்செயல். உள்ளாட்சித் தேர்தலில் நம் மாவட்டத்துக்கு 11ஆம் தேதி வாக்குப்பதிவு. அதற்கு முந்தைய ஞாயிறு போட்டது 22ஆம் எபிசோடு. அதில் இயந்திரங்களோடு பேசும் சிறுவன் மைக்கா, ஓட்டுப்பெட்டியில் கைவைத்ததும் நேதன் அமோகமாக ஜெயிக்கிறார். அன்று இதைப் பற்றிப் பேச்சே எடுக்கக்கூடாது என்று எதிரெதிர் முன்னணிகளைச் சேர்ந்த இரு உறுப்பினர்கள் ஒரே குரலில் கேட்டுக்கொண்டார்கள். அவர்கள் இருவரும் ஒத்துப்போனதை நான் பார்த்தது அப்போதுதான். வியாழக்கிழமை நம் கூடம் வாக்குச்சாவடி ஆனது. பெஞ்சுகளைத் திரும்ப அடுக்கித் தந்த இளைஞர்களுக்கு நன்றி.

முதல் சீசனின் முடிவு நம்மை இரண்டாகப் பிரித்தது. வெடிக்கும் நிலையில் நிற்கும் பீட்டரை அண்ணன் நேதன் தூக்கிக்கொண்டு வானத்துக்குப் பறக்கிறான். அண்ணனிடமிருந்து பறக்கும் சக்தியை எப்போதோ பெற்றுவிட்ட பீட்டர், தானே பறந்திருக்கலாமே? கதிர்வீச்சை அடக்குவதிலேயே முழு பலமும் போனது என்று ஒரு தரப்பு. தம்பிக்காக அண்ணன் வர வேண்டும், அதற்காகக் கதை கண்ணை மூடிக்கொண்டது என்று இன்னொரு தரப்பு. நான் இரண்டாம் தரப்பு. ஆனாலும் இருபத்திரண்டு எபிசோடு தன் விதியை ஒழுங்காகக் காத்த கதைக்கு ஓர் இடத்தில் சலுகை கொடுக்கலாம் என்றுதான் அன்று பேசினேன்.

இரண்டாம் சீசனில் அந்தச் சலுகையே விதியானது. கிளேரின் ரத்தத்தை ஏற்றினால் செத்தவரும் எழுகிறார்கள். நம் மொஹிந்தரே பென்னட்டைக் கண்ணில் சுட்டுக் கொல்கிறார், அவரும் எழுந்து உட்காருகிறார். அதன்பிறகு யாருக்கு என்ன ஆனாலும் பதிவேட்டில் “ரத்தம் போட்டா எந்திரிச்சிருவான்” என்ற ஒரே வரிதான். எல்லாருடைய யூகமும் ஒன்றே, எல்லாம் காரணத்தோடு. இப்படிப்பட்ட பதிவேட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது? முதல் சீசனுக்குப் பக்கம் போதாமல் தாள் ஒட்டினோம், இரண்டாம் சீசனுக்கு ஒதுக்கியதில் பாதி வெள்ளையாக நிற்கிறது.

தொடரை எடுத்தவர்கள் மேல் முழுப் பழியையும் போட முடியாது. 2007 நவம்பர் 5 அன்று அமெரிக்கத் திரைக்கதை எழுத்தாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அது 2008 பிப்ரவரி வரை நீடித்தது. இரண்டாம் சீசன் 11 எபிசோடோடு நின்றுபோனது. தொடரை உருவாக்கிய டிம் கிரிங், கதை மெதுவாகப் போனதையும் காதல் காட்சிகள் பொருந்தாததையும் அந்த நவம்பரிலேயே பத்திரிகைப் பேட்டியில் ஒத்துக்கொண்டார். அதைப் படித்துக் காட்டியபோது ஆசிரியர், “இவ்வளவு நேர்மையா நம்ம சீரியல்காரங்க யாராவது சொல்லியிருக்காங்களா?” என்றார். அது நியாயமான பேச்சு. அயர்லாந்துப் பெண் கெய்ட்லினை ஒரு வருங்காலத்தில் தனியாக விட்டுவிட்டு பீட்டர் திரும்பி வந்ததும், அந்த வருங்காலமே இல்லாமல் போனதும், அந்தப் பெண் என்ன ஆனாள் என்று கதை கேட்காததும் மட்டும் எங்களுக்கு ஆறவில்லை. பதிவேட்டில் ‘நிலுவை’ என்ற தலைப்பின்கீழ் அவர் பெயர் இருக்கிறது.

மார்ச்சில், பரீட்சைக்காக நிகழ்ச்சியை நிறுத்துவதற்குமுன், மூன்றாம் சீசனின் முதல் இரண்டு எபிசோடு போட்டோம். அதில் ஆண்டு முழுவதும் ஓடிய ஒரு வழக்கு தீர்ந்தது. சைலரால் கொல்லப்பட்டவர்களின் மண்டையோடு அறுக்கப்பட்டிருக்கும், உள்ளே மூளை இருக்காது. சக்தியைப் பெற அதைத் தின்கிறான் என்று ஒரு கட்சி; கூட்டத்தில் பெரிய கட்சி. எதிர்க்கட்சியில் இருந்தவர் கொழிஞ்சாம்பாறையில் மிக்சி, ரேடியோ பழுதுபார்க்கும் அண்ணன் ஒருவர்தான். சைலர் முன்பு கைக்கடிகாரம் ரிப்பேர் செய்தவன் என்று முதல் சீசனிலேயே காட்டிவிட்டார்கள். அண்ணனின் வாதம் இது: “கடிகாரத்தைக் கழட்டுறவன் பல்சக்கரத்தைத் திங்கறதில்லைங்க. எது எதைத் தள்ளுதுன்னு பார்ப்பான், பார்த்துட்டா அவனுக்கு வந்துரும்.” சிரித்தார்கள். மாதக்கணக்கில் அவரைப் பார்த்தாலே வாயை மெல்லும் பாவனை காட்டினார்கள். மூன்றாம் சீசனின் முதல் எபிசோடில் சைலர் கிளேரின் மண்டையைத் திறக்கிறான். வலி தெரியாமல் விழித்துக் கிடக்கும் அந்தப் பெண், என் மூளையைத் தின்னப் போகிறாயா என்று கேட்கிறாள். அருவருப்போடு அவன் மறுக்கிறான். கூடத்தில் எழுந்த சத்தத்துக்கு எதிர்வீட்டு ஆச்சி வந்து எட்டிப் பார்த்தார். அப்படியென்றால் காணாமல் போன மூளைகள் எங்கே என்று பெரிய கட்சி இன்னும் கேட்கிறது. அதுவும் நிலுவையில் சேர்ந்தது.

அதே எபிசோடுகளில் மொஹிந்தர் தனக்குத்தானே ஊசி போட்டுக்கொண்டு சுவரில் ஏறுகிறார், தோல் செதில் செதிலாகிறது. எபிசோடு முடிந்தபின் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

இப்போது பொதுக்குழு முடிவு செய்ய வேண்டியது. மூன்றாம் சீசனைத் தொடர வேண்டாம் என்பது என் கருத்து. சாவும் காலமும் ஒரு விலைக்குக் கட்டுப்பட்டிருந்தவரை இந்தக் கதையை யூகிக்க முடிந்தது. அந்த விலை போனபின் எங்கள் பதிவேட்டுக்கு அதில் வேலையில்லை. தலைவர் இதை ஏற்கவில்லை. நம் பாலக்காட்டு பகவதி கோயில் கூத்துமாடங்களில் தோல்பாவைக்கூத்து நடத்தும் புலவர்கள் கம்பன் பாட்டைச் சொல்லி இரவிரவாகக் கேள்வி கேட்டுப் பதில் சொல்கிறார்கள். ராவணன் விழுவான் என்பது யாருக்குத் தெரியாது? தாரிகன் என்ற அசுரனோடு போரிட்டதால் ராமாயணப் போரைப் பார்க்கத் தவறிய பகவதிக்காக ஆடும் கூத்து அது. எதிரே ஆளே இல்லாவிட்டாலும் விளக்கம் நிற்பதில்லை. கதை நல்லதோ கெட்டதோ, வாதாட ஆளிருந்தால் போதும் என்பது அவர் கட்சி. அவரிடம் நான் கேட்டது ஒன்றுதான்: கம்பன் நடுவில் விதியை மாற்றினானா? பதில் இன்று தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

இளைஞர்கள் 2021இல் வந்த ‘வாண்டாவிஷன்’ தொடரைக் கேட்கிறார்கள். மொத்தமே 9 எபிசோடு, மழைக்கு முன்பே முடிந்துவிடும். அதைப் பார்த்துவிட்டவர்கள் நம்மில் பலர் இருப்பதுதான் சிக்கல். இரண்டாவது விதியை அவர்களுக்காகத் தளர்த்துவதில் எனக்குச் சம்மதமில்லை. எதைப் போட்டாலும் நர்ஸம்மா வரும் வண்ணாமடை பஸ்ஸுக்காக நேரத்தை அரைமணி முன்னால் வைக்க வேண்டும் என்ற கோரிக்கையையும் சேர்த்து வாக்கெடுப்புக்கு விடுகிறேன்.

சந்தா பாக்கி உள்ளவர்கள் பொருளாளரைப் பார்த்துவிட்டுப் போகவும். பழைய யூகப் பதிவேடு அலமாரியின் மேல்தட்டில் இருக்கிறது. அங்கேயே படிக்கலாம், வீட்டுக்குத் தர மாட்டோம்.

இப்படிக்கு,
செயலாளர்