பேருந்தின் முதல் படி: ஒரு நன்றி மடல்

அன்பான சபையாருக்கு, தோத்திரம்.

போன சனிக்கிழமை நம் சபையிலிருந்து 38 பேர் இடையன்குடிக்கும் மணப்பாட்டுக்கும் போய்விட்டு, இரவு எட்டரை மணிக்கு எல்லோரும் சுகமாக பாளையங்கோட்டை வந்து சேர்ந்தோம். மறுநாள் ஆராதனையில் அறிவிப்பு நேரத்தில் ஐயர் (நம் சபைப் போதகர்) எனக்கு இரண்டு நிமிடம் கொடுத்தார்கள். எழுந்து நின்றேன். நாலு பேருக்கு நன்றி சொல்வதற்குள் தொண்டை அடைத்துவிட்டது, உட்கார்ந்துவிட்டேன். சொல்லாமல் விட்டதை எழுதித்தான் ஆக வேண்டும்.

நம் கோயிலில் ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பிக்னிக் உண்டு, வாலிபருக்கு முகாம் உண்டு. ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு வெளியே போவதென்றால் கல்யாண வீடு, துக்க வீடு, ஆஸ்பத்திரி, இந்த மூன்றுதான். என் வீட்டுக்காரர் போன பிறகு ஒன்றரை வருஷம் நானும் அப்படித்தான் இருந்தேன். பிள்ளைகள் வெளிநாட்டில். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வந்து, கடைசி பெஞ்சில் இருந்துவிட்டு, யாரும் பேச்சுக் கொடுப்பதற்குள் ஆட்டோ பிடித்துவிடுவேன். ஈஸ்டருக்கு முந்திய லெந்து நாட்கள் முடிந்த வாரத்தில் ஐயரம்மா (போதகரின் மனைவி) வீட்டுக்கே வந்து, "டீச்சர், நீங்க சரித்திரப் பாடம் எடுத்தவங்க. பெரியவங்களை நாலு இடத்துக்குக் கூட்டிட்டுப் போய்க் காட்டுங்க" என்றார்கள். எனக்கு ஆறுதல் சொல்ல வராமல் வேலை கொடுக்க வந்தார்களே, அதற்கு முதல் நன்றி.

ஊருக்குள்ளேயேதான் ஆரம்பித்தோம். ஒரு சாயங்காலம் பாப்பாத்தி அம்மாள் கோயிலுக்கு நடந்தே போனோம். கிறிஸ்தவரான பிராமணப் பெண் குளோரிந்தா அம்மாள் 1785-ல் கட்டிய அந்தச் சின்னக் கோயிலைத் தினமும் தாண்டிப் போகிறவர்கள்கூட, உள்ளே வந்து முப்பது வருஷம் ஆச்சு என்றார்கள். அடுத்தது ஆதிச்சநல்லூர். கண்ணாடித் தளத்துக்குக் கீழே முதுமக்கள் தாழிகளைப் பார்த்தோம். அந்தப் பயணத்தில்தான் மனசை உறுத்திய ஒன்று நடந்தது. கிளம்பும் நேரத்தில் ஓர் அத்தையால் பேருந்தின் முதல் படியில் கால் வைக்க முடியவில்லை. தரையிலிருந்து ஒன்றரை அடி உயரம் இருக்கும். இரண்டு பேர் பிடித்தும் முழங்கால் மடங்கவில்லை. "நீங்க போயிட்டு வாங்கம்மா, நான் வீட்டுக்குப் போறேன்" என்று சேலையைச் சரிசெய்துகொண்டு திரும்பிவிட்டார்கள். முகத்தைக் காட்டவே இல்லை.

அதைப் பார்த்துக்கொண்டு நின்றவர் நம் சபையின் தச்சு வேலை அண்ணன். அடுத்த ஞாயிறு தோளில் ஒரு மரப்படியைத் தூக்கிக்கொண்டு வந்தார். கோயிலில் ஜன்னல் மாற்றியபோது மிஞ்சிய பழைய தேக்குச் சட்டத்தில் செய்தது. இரண்டு படி. வழுக்காமல் இருக்க அடியில் சைக்கிள் டயரை வெட்டி அடித்திருக்கிறார். பக்கத்தில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பு, அதில் கை உறுத்தாமல் துணி சுற்றியிருக்கிறார். கூலி கேட்டதற்கு, "அத்தை ஏறட்டும், பார்ப்போம்" என்றார். போன சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு அத்தை ஏறினார்கள். ஜன்னல் ஓரத்தில் இருந்துகொண்டு, வழியெல்லாம் பனை மரங்களைப் பார்த்துக்கொண்டே வந்தார்கள். அண்ணே, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

இடையன்குடியில் கோயிலைத் திறந்து வைத்துக் காத்திருந்த கோயில்பிள்ளைக்கு (கோயிலைப் பார்த்துக்கொள்கிற ஊழியருக்கு) நன்றி. மிஷனரி கால்டுவெல் ஐயர் 1841-ல் இந்த ஊருக்கு வந்தவர். சென்னையிலிருந்து நடந்தே வந்தவர். 1856-ல் வந்த அவருடைய திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தைப் பற்றி வகுப்பில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். ஆனால் அந்தக் கோயிலைக் கட்டி முடிக்க 33 வருஷம் ஆனது என்பதை, அந்தச் சுவரைத் தொட்டுக்கொண்டு சொல்லும்போது வேறு மாதிரி இருந்தது. ஜன்னல் வளைவு எப்படி வர வேண்டும் என்று கொத்தனார்களுக்குக் களிமண்ணில் மாதிரி செய்து காட்டியிருக்கிறார். அதைச் சொன்னதும் தச்சு அண்ணன் ஒவ்வொரு ஜன்னலாகப் போய் நின்று பார்த்தார். நாங்கள் அவருக்காகக் காத்திருந்தோம்.

அங்கே நான் எதிர்பார்க்காத ஒன்றும் நடந்தது. கால்டுவெல் ஐயரின் மனைவி எலைசா அம்மையார் அந்த ஊர்ப் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்ததைச் சொல்லிக்கொண்டிருந்தேன். நம் சபையில் அதிகம் பேசாத ஒரு பெரியம்மா கைப்பையைத் திறந்து ஒரு கைக்குட்டையை எடுத்தார்கள். ஓரத்தில் விரல் அகலத்துக்கு லேஸ். நூல் பழுத்துப் போயிருந்தது, ஆனால் ஒரு கண்ணிகூட விடவில்லை. "எங்க ஆச்சி செஞ்சது. தலையணையில ஊசி குத்தி வச்சுகிட்டு, நூல் சுத்துன கட்டைகளை மாத்தி மாத்திப் போடுவாங்க. அந்தச் சத்தம் கேட்டுகிட்டே நான் தூங்கியிருக்கேன்" என்றார்கள். இருபது வருஷமாக ஒரே கோயிலில் பக்கத்துப் பக்கத்து பெஞ்சில் இருக்கிறோம், எங்களில் யாருக்கும் இது தெரியாது. கைக்குட்டை ஒவ்வொரு கையாகப் போய்த் திரும்பி வரும்வரை யாரும் சத்தமாகப் பேசவில்லை. பெரியம்மா, அதைக் கொண்டு வந்ததற்கு நன்றி.

கைக்குட்டையைப் பார்த்ததில் நேரம் போனது தெரியவில்லை. அது என் தவறுதான். சாப்பாட்டு நேரம் தள்ளிப்போய், மணப்பாட்டில் இறங்கும்போது மணி இரண்டு. வெயில், மணல் மேடு. சர்க்கரை வியாதி உள்ள ஓர் அக்காவுக்கு வியர்த்துக் கொட்டித் தலை சுற்றிவிட்டது. நம் கூட வந்த நர்ஸ் பிள்ளை ஓடி வருவதற்குள், பக்கத்து வீட்டுப் பெண் ஒருவர் அக்காவை உள்ளே கூட்டிப்போய்ப் பாயில் சாய்த்து, தலையை மடியில் வைத்துக்கொண்டார். கருப்பட்டித் தண்ணீர் கரைத்துக் கொடுத்தது அவருடைய மாமியார். அரைமணி நேரத்தில் அக்கா எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள். பணம் நீட்டியதற்கு அந்தப் பெண் கோபப்பட்டே விட்டார். கிளம்பும்போது ஒரு பொட்டலம் நெத்திலிக் கருவாடு வேறு. அம்மா, உங்கள் பெயரைக்கூட நாங்கள் கேட்டுக்கொள்ளவில்லை. நம் சபையில் மணப்பாட்டில் சொந்தக்காரர் உள்ள யாராவது இந்த மடலை அவரிடம் சேர்த்தால் நல்லது.

மணப்பாட்டுக்குப் போகலாம் என்றபோது, "ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்க) கோயிலுக்கு நாம எதுக்கு?" என்று சிலர் கேட்டது உண்மை. கேட்டவர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை, அவர்களில் இரண்டு பேர் பயணத்துக்கும் வந்தார்கள். 1542-ல் கத்தோலிக்க மிஷனரி சவேரியார் வந்து தங்கிய குகையில் குனிந்து இறங்கினோம். அங்குள்ள கிணற்றில், கடலை ஒட்டி அப்படி ஒரு நல்ல தண்ணீர்! அப்புறம் மேட்டின் மேல் திருச்சிலுவைக் கோயிலில் கொஞ்ச நேரம் இருந்தோம். நாங்கள் "பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே" என்று ஆரம்பித்தோம். பக்கத்தில் முழங்காலில் இருந்த ஊர்ப் பெண்கள் "விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே" என்று சேர்ந்துகொண்டார்கள். வார்த்தை வேறு வேறாக ஓடி, ஆமென் மட்டும் ஒன்றாக வந்தது. கேள்வி கேட்ட அண்ணாச்சிதான் வெளியே வந்து முதலில் கண்ணைத் துடைத்தார்.

இன்னும் சிலருக்குச் சொல்ல வேண்டும். இரவு மூன்று மணிக்கு எழுந்து புளிச்சோறும் தயிர்ச்சோறும் உருளைக்கிழங்கும் கட்டிக் கொடுத்த ஆறு பேருக்கு. ஒரு வாரம் முன்பே பைக்கில் போய், எந்த இடத்தில் கழிப்பறை உண்டு, எதில் தண்ணீர் வரும், எங்கே உட்கார்ந்து எழ முடியும் என்று நோட்டில் எழுதி வந்த தபால் ஆபீஸ் சாருக்கு. (வயதான பெண்கள் பயணம் வேண்டாம் என்று சொல்வதற்குப் பாதிக் காரணம் இதுதான். வெளியே சொல்ல மாட்டார்கள்.) ஆளுக்கு இரண்டு பெரியவர்கள் என்று பொறுப்பெடுத்து, நாள் முழுக்க போனை எடுக்காமல் கைபிடித்து நடந்த வாலிபப் பிள்ளைகளுக்கு. எங்கே நிறுத்தச் சொன்னாலும் முகம் சுளிக்காமல், ஒவ்வொரு நிறுத்தத்திலும் தானே இறங்கி மரப்படியை எடுத்துப் போட்ட ஓட்டுநர் தம்பிக்கு.

ஆளுக்கு 450 ரூபாய் என்று வைத்தோம். ஐந்து பேரால் கொடுக்க முடியாது என்று எனக்குத் தெரியும். யார் என்று கேட்காமல், "ஐந்து பேர்" என்று மட்டும் எழுதி ஓர் உறையில் பணம் வைத்து என் வீட்டு வாசல் இடுக்கில் போட்டவர் யாரென்று எனக்கு இன்றுவரை தெரியாது. நீங்களும் ஞாயிறன்று இதை வாசிப்பீர்கள் என்று நினைக்கிறேன். அந்த ஐந்து பேரும் மணப்பாட்டில் ஓலைப்பெட்டி வாங்கினார்கள், திரும்பும் வழியில் பாட்டுப் பாடினார்கள்.

அடுத்து தரங்கம்பாடி போக வேண்டும் என்று இப்போதே கேட்கிறார்கள். முதல் புராட்டஸ்டண்ட் மிஷனரி சீகன்பால்க் ஐயர் 1706-ல் இறங்கிய கரையைப் பார்க்க வேண்டுமாம். இரவு தங்க வேண்டியிருக்கும், கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

மரப்படி இப்போது பாடகர் அறையில் சுவரோரம் இருக்கிறது. உங்கள் வீட்டுப் பெரியவர்களை வேனிலோ பேருந்திலோ எங்கேயாவது கூட்டிப்போவதாக இருந்தால், கோயில்பிள்ளையிடம் சொல்லிவிட்டு எடுத்துப்போங்கள். கம்பில் சுற்றிய துணி மட்டும் அழுக்காகிவிட்டது, அதை மாற்றிவிடுகிறேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்