முதலில் கணக்கு, அப்புறம் விளம்பரம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கிராமத்துப் பெண்களின் சிறுதொழில்களுக்கு டிஜிட்டல் மார்க்கெட்டிங் கற்றுத்தர வேண்டும் என்று உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல யோசனை. ஆனால் எதை முதலில் கற்றுத்தருவது என்பதில் எனக்கு வேறு கருத்து உண்டு.

இந்த மாதிரிப் பயிற்சிகள் போட்டோ எடுப்பது, வாட்ஸ்அப்பில் கேட்டலாக் போடுவது, ரீல்ஸ் என்றுதான் பெரும்பாலும் ஆரம்பிக்கின்றன. சிக்கலே ஆர்டர் வந்த பிறகுதான். துணிப்பை தைத்து விற்கும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். துணிக்கும் நூலுக்கும் ஆன செலவின் மேல் கொஞ்சம் சேர்த்து விலை வைப்பார். ராத்திரி கண் விழித்துத் தைத்ததற்குத் தனக்கென்று கூலி போட மாட்டார். கரண்ட், பேக்கிங், கூரியர், பிடிக்கவில்லை என்று திரும்பி வரும் பை எதுவும் அந்த விலையில் இருக்காது. அக்கம்பக்கத்தில் பத்துப் பை விற்கும்வரை இது வெளியே தெரியாது. விளம்பரத்தைப் பார்த்து நூறு பேர் கேட்டால், நூறு பையிலும் நஷ்டம்.

அதற்காகப் பேரேடு, ஐந்தொகை என்று மிரட்ட வேண்டியதில்லை. டொமினிக்கன் குடியரசில் சிறுதொழில் செய்வோரிடம் நடத்திய ஓர் ஆய்வு 2014-ல் வெளியானது. தொழில் பணத்தையும் வீட்டுப் பணத்தையும் தனித்தனியாக வை, உனக்கென்று ஒரு சம்பளம் எடுத்துக்கொள் என்பது போன்ற எளிய விதிகள்தான் முறையான கணக்கியல் வகுப்பைவிட அதிகம் பலன் தந்தன.

அப்புறம், செல்போனும் வங்கிக் கணக்கும் யார் பெயரில் இருக்கின்றன? ஓடிபி வீட்டுக்காரர் நம்பருக்குப் போனால், சம்பாதித்த பணத்தை எடுக்கக்கூட அவர் வீடு திரும்பும்வரை காத்திருக்க வேண்டும். கென்யாவில் 2007-ல் தொடங்கிய எம்-பெசா, செல்போனிலேயே பணம் போடவும் அனுப்பவும் வழி செய்தது. அதனால் சுமார் 1,85,000 பெண்கள் விவசாயத்திலிருந்து வியாபாரத்துக்கு மாறினார்கள் என்று 2016-ல் வந்த ஆய்வு மதிப்பிட்டது. தன் பணம் தன் கையில் இருந்தால் ஒரு பெண் எவ்வளவு துணிந்து இறங்குகிறார் பாருங்கள்!

பயிற்சி நடத்துபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சான்றிதழ் கொடுத்து அனுப்புவதோடு நிறுத்திவிடாதீர்கள். முதல் சில ஆர்டர்கள் முடியும்வரை, விலை சரியா, பணம் வந்து சேர்ந்ததா என்று போன் போட்டுக் கேட்க ஓர் ஆளை வையுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி