மிலிட்டரி வீட்டிலிருந்து ஒரு நன்றி மடல்

ஊர்ப் பெரியவர்களுக்கும், தெருக்காரர்களுக்கும், முன்னாள் படைவீரர் சங்கத்து ஐயாக்களுக்கும், ஏரிக்கரைப் பையன்களுக்கும் வணக்கம்.

அப்பாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்துவிட்டது. பந்தலைப் பிரித்தாயிற்று, வாடகை நாற்காலிகளும் போய்ச் சேர்ந்தாயிற்று. ஒவ்வொரு வீட்டுப் படியாக ஏறி நன்றி சொல்வதுதான் முறை. ஆனால் யார் என்ன செய்தீர்கள் என்பதே எங்களுக்கு இன்னும் முழுசாகத் தெரிந்தபாடில்லை. பால் யார் வாங்கி வந்தது, சாமியானாவுக்கு யார் முன்பணம் கட்டியது என்று கேட்டால் ஆளுக்கு ஆள் அடுத்தவரைக் கை காட்டுகிறீர்கள். அதனால்தான் இந்த மடல்.

அப்பாவை உங்களில் பலருக்கு 'மிலிட்டரிக்காரர்' என்ற அளவில்தான் தெரியும். கம்மவான்பேட்டை மாதிரி வீட்டுக்கு வீடு பட்டாளம் போன ஊரில்லை நம்முடையது. இங்கே ஒரே ஒரு மிலிட்டரி வீடு, அது எங்களுடையது. 1967இல், பத்தொன்பது வயதில், பெங்களூருக்கு ரயிலேறி மெட்ராஸ் சாப்பர்ஸில் சேர்ந்தார். பாலம் கட்டுவது, பாதை போடுவது, கண்ணிவெடி எடுப்பது இவைதான் அந்தப் படைக்கு வேலை. நாலே வருடத்தில் போர் வந்தது. 1971 டிசம்பரில் பாகிஸ்தான் பக்கத்து ஷகர்கர் பகுதியில், பசந்தர் ஆற்றங்கரையில் அப்பாவின் 9 இன்ஜினியர் ரெஜிமென்ட் நின்றது. ஆற்றைத் தாண்டி நம் டாங்குகள் போக வேண்டும், நடுவில் எதிரி விதைத்து வைத்த கண்ணிவெடிக் காடு. டிசம்பர் 15 இரவு ஷெல் விழுந்துகொண்டிருக்கும்போதே அதில் பாதை வெட்டினார்கள்.

அதைப் பற்றி அவர் நிறையப் பேசியதில்லை. பேசினாலும் வேலையைப் பற்றித்தான் பேசுவார். "கம்பிய சாய்வா குத்திக்கிட்டே போவணும். செங்குத்தா எறக்கினா ஆளு காலி. பாதி வழிதான் முடிச்சிருந்தோம், அதுக்குள்ள எதிரி டாங்கு வருதுன்னு சேதி. பூனா ஹார்ஸ்காரன் மீதி வழிய எங்களுக்காகக் காத்துக்கிட்டு இல்ல, வெடிக் காட்டுலயே வண்டிய உட்டுட்டான்." அந்தப் பூனா ஹார்ஸ் டாங்குப் படையில்தான் இரண்டாம் லெப்டினன்ட் அருண் கேத்தர்பால் டிசம்பர் 16 அன்று இருபத்தொரு வயதில் உயிரைக் கொடுத்தார். பரம்வீர் சக்கரம் பெற்றவர். அவர் பெயர் வந்தால் மட்டும் அப்பா எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருவார். அந்தப் போருக்காகக் கிடைத்த பஸ்சிமி ஸ்டாரும் சங்கிராம் மெடலும் டிரங்குப் பெட்டியில் ஒரு கைக்குட்டையில் முடிந்து கிடந்தன. நம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் குடியரசு தினத்துக்குக் கூப்பிடும்போது மட்டும் வெளியே வரும்.

1989இல் ஹவில்தாராக ஓய்வு பெற்று வந்தார். பிறகு எல்லா எக்ஸ்-சர்வீஸ்காரர்களையும் போல ஒரு பேங்க் வாசலில் துப்பாக்கியோடு உட்கார்ந்தார். எங்கள் அம்மா அவரோடு ஒரே கூரையின் கீழ் இருந்த காலத்தைவிட 56 ஏ.பி.ஓ. என்று பட்டாளத்து முகவரி எழுதிக் கடுதாசி போட்ட காலம்தான் அதிகம் என்று சொல்வாள். அம்மா 2011இல் போய்விட்டாள். கடைசி இரண்டு வருடம் டயாலிசிஸ். அப்போது முன்னாள் வீரர் குடும்பங்களுக்கான மருத்துவத் திட்டம் இ.சி.எச்.எஸ். இல்லையென்றால் எங்கள் நிலம் மிஞ்சியிருக்காது. 2003இல் வந்த அந்தத் திட்டத்தில் சேரச் சோம்பல்பட்ட முன்னாள் வீரர்கள் இன்னும் யாராவது இருந்தால் தயவுசெய்து இந்த வாரமே போய்ச் சேருங்கள்.

அம்மா போனபின் அப்பா ஏரிக்குள் இறங்கிவிட்டார். தண்ணீர் இல்லாத ஏரிதான். விடியற்காலை அஞ்சு மணிக்கு ஊர்ப் பையன்களை ஆள்சேர்ப்பு முகாமுக்குத் தயார் செய்ய ஆரம்பித்தார். முழு மார்க் வாங்க 1600 மீட்டரை அஞ்சரை நிமிடத்துக்குள் ஓட வேண்டும், பத்து புல்-அப்ஸ் எடுக்க வேண்டும், அதோடு ஒன்பதடிப் பள்ளம் தாண்டல், வளைந்து போகும் கட்டையில் விழாமல் நடக்க வேண்டும். பைசா வாங்கவில்லை. 2022இல் நாலு வருடத்துக்கு மட்டும் ஆளெடுக்கும் அக்னிபத் திட்டம் வந்தபோது, "நாலு வருசத்துல இன்னாத்தடா கத்துக்கப் போறீங்க" என்று ராத்திரி முழுக்கப் புலம்பியவர், மறுநாள் அஞ்சு மணிக்கு ஸ்டாப் வாட்சோடு கரையில் நின்றார்.

அந்தப் பள்ளம்தான் சின்னம்மாவைக் கொண்டுவந்தது.

2013இல் ஒரு பையன் தாண்டிக் குதித்த இடத்தில் உடைந்த பாட்டில் கிடந்து பாதம் கிழிந்துவிட்டது. துணை சுகாதார நிலையத்துக்குப் போய்க்கொண்டிருந்த நர்சம்மாவைக் கையோடு கூட்டி வந்தார்கள். அவர் காயத்தைக் கழுவி, சில்லைப் பிடுங்கி, கட்டுப் போட்டு, டி.டி. ஊசிக்கு வரச் சொல்லிவிட்டு, அப்பா பக்கம் திரும்பினாராம். "ஒம்பதடி பள்ளம் தோண்டத் தெரியுது. உள்ள இன்னா கெடக்குதுன்னு பாக்கத் தெரியல. மிலிட்டரியில இன்னாதான் வேல பாத்தீங்க?"

பசந்தரில் மண்ணைக் குத்திக் குத்தி வெடி எடுத்த மனுஷனிடம்! பையன்கள் வாயைப் பொத்திக்கொண்டு நின்றிருக்கிறார்கள். அப்பா பதில் சொல்லவில்லை. மறுநாள் பள்ளத்தில் முழங்காலிட்டு, ஒரு கம்பியைச் சாய்வாகப் பிடித்து, மணலை அங்குலம் அங்குலமாகக் குத்திப் பார்த்தாராம். இதை எங்களிடம் ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறார், ஒவ்வொரு தடவையும் நர்சம்மா அந்த வாசகத்தைத் திரும்பச் சொல்ல வேண்டும் என்பது கட்டாயம்.

அதற்குப் பிறகு அப்பாவுக்கு பி.பி. பார்க்கும் பழக்கம் வந்துவிட்டது. ஊரில் யாருமே தினம் தினம் பி.பி. பார்த்துக்கொள்வதில்லை. நீங்கள் எல்லோரும் கவனித்திருக்கிறீர்கள், கவனித்தும் ஒரு வார்த்தை கொச்சையாகப் பேசவில்லை. என் முதல் நன்றி அதற்குத்தான். நம் ஊர் வாய் எப்படிப்பட்டது என்று எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

நர்சம்மா தம்பி தங்கைகளைக் கரையேற்றி முடித்தபோது தனக்கென்று பார்க்க ஆளில்லாமல் போனவர். இந்தச் சுற்றுவட்டாரத்தில் முப்பது வயதுக்குள் இருக்கும் யார் தொடையிலும் அவர் போட்ட ஊசி ஏறியிருக்கும். 2015இல் ஓய்வு பெற்றார். அடுத்த வருடம் அப்பா எனக்குப் போன் செய்து, டூட்டி ரிப்போர்ட் கொடுக்கிற குரலில் விஷயத்தைச் சொன்னார். "உங்கம்மா எடத்துக்கு யாரையும் கொண்டாரலம்மா. எனக்குப் பேச்சுக்கு ஆள் வேணும். அந்தம்மாவுக்கும் வேணும்." அப்போது அப்பாவுக்கு அறுபத்தெட்டு, சின்னம்மாவுக்கு ஐம்பத்தொன்பது.

எங்கள் வீட்டிலும் முணுமுணுப்பு இல்லாமல் இல்லை. அதை முடித்து வைத்தவர் அம்மாவின் அண்ணன், எங்கள் தாய்மாமன். "என் தங்கச்சி போயி அஞ்சு வருசமாச்சு. மச்சான் தனியா சோறு பொங்கித் தின்றத பாத்துக்கிட்டு இருக்கறதுதான் அவளுக்கு மரியாதையா?" என்று கேட்டுவிட்டு, தாலியைத் தட்டில் வைத்துத் தானே எடுத்துக் கொடுத்தார். மாமா, நீங்கள் இதைப் படிக்க மாட்டீர்கள், யாராவது படித்துக் காட்டுவார்கள். உங்களுக்கு நாங்கள் பட்ட கடன் தீராது.

கல்யாணம் வள்ளிமலையில் நடந்தது. வள்ளியைத் தேடி முருகன் கிழவர் வேஷத்தில் வந்த மலை. "அவருக்கு வேஷம் போட வேண்டியிருந்துச்சு, நம்ம தாத்தாவுக்கு அந்தச் செலவும் மிச்சம்" என்று ஏரிக்கரைப் பையன் ஒருவன் படியேறும்போது சொல்ல, சின்னம்மா சிரித்த சிரிப்பில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டார். அந்தப் பையன் இப்போது பட்டாளத்தில், லடாக்கின் லே நகரில் இருக்கிறான். செய்தி கேட்டு அங்கிருந்து போன் செய்தான், பேச முடியாமல் வைத்துவிட்டான். புரிந்துகொண்டோம், தம்பி.

இனி சங்கத்துச் செயலாளர் ஐயாவுக்கு. இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், மற்றவர்களுக்கும் பயன்படும். கல்யாணத்தைப் பதிவு செய்தபின் சின்னம்மா பெயரைப் பென்ஷன் தாளில் சேர்க்கப் போன ஓர் அலுவலகத்தில், "ரிட்டயர் ஆனப்புறம் கட்டிக்கிட்டா ஒண்ணும் கெடைக்காது" என்று அனுப்பிவிட்டார்கள். "இந்த வயசுல எதுக்குங்க, பென்ஷனுக்கா?" என்று ஒரு கேள்வி வேறு. அப்பா கோபப்படவில்லை. "இல்லம்மா, சண்ட போட ஆள் வேணும்" என்று சொல்லிவிட்டு வந்தார். சின்னம்மாதான் வீட்டுக்கு வந்து அழுதார். தனக்கு அரசாங்கப் பென்ஷன் வருகிறது, இந்தப் பணம் வேண்டாம், ஆனால் அந்தக் காகிதத்தில் தன் பெயர் இருக்க வேண்டும் என்றார்.

செயலாளர் ஐயா மறுநாளே ஃபைலோடு வந்தார். ஓய்வுக்குப் பிறகு நடந்த கல்யாணமானாலும் மனைவிக்குக் குடும்ப ஓய்வூதியம் உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1989லேயே சொல்லிவிட்டது, விதியும் அதற்கேற்ப மாறிவிட்டது என்பதை எங்களுக்குப் புரிய வைத்தார். திருமணப் பதிவுச் சான்று, அம்மாவின் இறப்புச் சான்று, இருவரும் சேர்ந்து எடுத்த போட்டோ, உறுதிமொழிப் பத்திரம் எல்லாவற்றையும் கட்டி படையின் ஆவண அலுவலகமான பெங்களூர் ரெக்கார்ட்ஸுக்கு அனுப்பினார். திரும்பி வந்தது. ஒரு எழுத்து மாறியிருக்கிறது என்றார்கள். திருத்தி மறுபடி அனுப்பினார். வருடம் திரும்பியபின் திருத்திய பி.பி.ஓ., அதாவது பென்ஷன் ஆணை, வந்தது, அதில் மனைவி என்ற இடத்தில் சின்னம்மா பெயர். அப்பா அதை லேமினேட் செய்து கொண்டுவந்தார். அரசாங்கத் தாளை லேமினேட் செய்யக் கூடாது என்று செயலாளர் ஐயா திட்டினார். ஐயா, இப்போது ராணுவப் பென்ஷன் இணையதளமான ஸ்பர்ஷில் அப்பாவின் மரணத்தைப் பதிந்ததும் நீங்கள்தான். கடைசிச் சம்பளக் கணக்கில் 30 சதவீதம் குடும்ப ஓய்வூதியமாக வரும் என்றீர்கள். சின்னம்மாவுக்குத் தொகை காதில் ஏறவில்லை, நீங்கள் சொன்ன அக்கறை ஏறியது.

அப்பா விழுந்த ராத்திரி 108 வண்டியை மண் ரோட்டில் பின்னாலேயே ஓட்டி வாசல் வரை கொண்டுவந்த ஓட்டுநர் தம்பிக்கும், ஆஸ்பத்திரியில் முறை வைத்து வராந்தாவில் படுத்த பையன்களுக்கும் நன்றி. பக்கவாதம் என்று தெரிந்ததும் அப்பாவின் வலக்கையைச் சின்னம்மா ஒரு நொடிகூட நீவாமல் விட்டதில்லை. நர்சுகள் அவரை வெளியே போகச் சொல்லவில்லை. அவரும் நர்சுதான் என்று தெரிந்திருக்க வேண்டும்.

கொடி ஏன் போர்த்தவில்லை என்று சிலர் வருத்தத்தோடு கேட்டீர்கள். 2002 கொடி விதியின்படி அரசு மரியாதை, ராணுவ மரியாதை, மத்திய ஆயுதப்படை மரியாதை தவிர வேறு இறுதிச் சடங்கில் தேசியக் கொடி போர்த்தக் கூடாது. விதி மீறிப் போர்த்தியிருந்தால் அப்பா எழுந்து கேட்டிருப்பார். அதற்குப் பதிலாகச் சங்கத்து ஐயாக்கள் மெடல் குத்திய சட்டையும் தொப்பியுமாக வெயிலில் வரிசை கட்டி நின்று சல்யூட் அடித்தீர்கள். எண்பது தாண்டிய ஒருவர் கைத்தடியைக் கீழே போட்டுவிட்டு நின்றார். எங்களுக்கு அது போதும்.

இப்போது நம் தெருப் பெண்களுக்கு. காரியத்தன்று என்ன செய்வது வழக்கம் என்று எல்லோருக்கும் தெரியும். வளையலை உடைக்க, மெட்டியைக் கழற்றச் சின்னம்மாவை உட்கார வைத்துவிட்டார்கள். அவர் ஒன்றும் பேசாமல் காலை நீட்டிவிட்டார். அப்போது மூன்றாம் வீட்டு ஆயா, தானே இருபது வருடமாக வெள்ளை நெற்றியோடு இருப்பவர், கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். "மெட்டி போட்டே எட்டு வருசந்தான் ஆவுது. ஊர்ப் பிள்ளைங்களுக்கெல்லாம் மருந்து போட்ட கை அது. போட்டது போட்டபடி இருக்கட்டும், எவளும் தொடாதீங்கடி." ஒரு பெரியம்மா சாஸ்திரம் என்று ஆரம்பித்தார். "எங்கிட்ட புடுங்கினது போதும்" என்றார் ஆயா. அதற்கு மேல் யாரும் வாய் திறக்கவில்லை. சின்னம்மாவின் தம்பி பிறந்த வீட்டுக் கோடியைப் போர்த்தினார். தாய்மாமனும் ஒரு கோடி கொண்டுவந்திருந்தார், அதை யாரும் எதிர்பார்க்கவில்லை. இரண்டு கோடியும் வளையல் கைகளுக்கு மேலே விழுந்தன. ஆயா, நீங்கள் ஒரு நிமிடத்தில் செய்ததை நான் படித்த படிப்பெல்லாம் சேர்ந்தும் செய்திருக்காது.

சின்னம்மா எங்களோடு சென்னைக்கு வர மாட்டார். அண்ணனும் கேட்டுப் பார்த்தார். இந்த வீட்டில்தான் இருப்பாராம். அம்மாவின் திவசம், அப்பாவின் திவசம் இரண்டும் இங்கேதான் நடக்கும், எல்லோரும் வர வேண்டும் என்று இப்போதே உத்தரவு. ராத்திரி துணைக்குப் படுக்க வரும் எதிர்வீட்டுப் பாப்பாவுக்கு நன்றி, அவள் பரீட்சை முடியும் வரை அவளைத் தொந்தரவு செய்யக் கூடாது என்பது சின்னம்மாவின் கட்டளை.

ஏரிக்கரைப் பயிற்சி நிற்காது. விடுப்பில் வரும் பையன்கள் முறை போட்டு நடத்துவதாகச் சொல்லியிருக்கிறார்கள், முதலுதவிப் பெட்டிக்குச் சின்னம்மா பொறுப்பு. புதிதாகச் சேர விரும்புகிறவர்கள் அஞ்சு மணிக்கு வந்துவிடுங்கள், அஞ்சே காலுக்கு வந்தால் திட்டு விழும், இப்போது திட்டுவது அவர்தான்.

கடைசியாக ஒரு கணக்கு பாக்கி. மாலை, வண்டி, பந்தல் செலவுக்குப் பையன்கள் தங்களுக்குள் வசூல் செய்திருக்கிறீர்கள். எவ்வளவு என்று கேட்டால் சிரிக்கிறீர்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் தொகையைச் சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் அண்ணன் உத்தேசமாக ஒரு தொகையைச் செயலாளர் ஐயாவிடம் கொடுத்துவிடுவார், துருப்பிடித்த புல்-அப்ஸ் கம்பியை மாற்றிக்கொள்ளுங்கள்.

நன்றியுடன்,
மிலிட்டரி வீட்டு மகள்