முப்பத்தாறு வயதில் முதலாண்டு: மருத்துவக் கல்லூரி முதல்வர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அரசு மருத்துவக் கல்லூரி முதல்வர்களுக்கும் பேராசிரியர்களுக்கும் வணக்கம்.

பல வருடம் அரசு மருத்துவமனைப் பிரசவ வார்டில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்துவிட்டு, 36 வயதில் எம்.பி.பி.எஸ். சேர்ந்தவள் நான். இப்போது இரண்டாம் ஆண்டு. வீட்டில் பள்ளிக்கூடம் போகும் மகள் இருக்கிறாள். இனி என்னைப் போல வரப்போகிறவர்களுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

நீட் எழுதப் பொதுப் பிரிவினருக்கு 25, இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 30 என்றிருந்த உச்ச வயதை தேசிய மருத்துவ ஆணையம் 2022-ல் எடுத்துவிட்டது. ஆனாலும் ‘சின்னப் பிள்ளை ஒன்றின் சீட்டைப் பிடித்துக்கொண்டார்கள்’ என்ற பேச்சு நிற்கவில்லை. அதே ஆண்டு ஜனவரியில் அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டுக் கலந்தாய்வுக்கு வந்த 61 வயது ஓய்வுபெற்ற ஆசிரியர், இடம் ஓர் இளைஞருக்குப் போகட்டும் என்று விட்டுக்கொடுத்தார். பெரிய மனது. அதே கணக்கை முப்பதுகளில் வருகிறவர் மீதும் போடுவது நியாயமில்லை. படிப்பும் ஹவுஸ் சர்ஜன் பயிற்சியும் சேர்ந்து ஐந்தரை ஆண்டு. எனக்கு அப்போது 42 நெருங்கியிருக்கும். அரசுப் பணியில் ஓய்வு வயது 60 என்று வைத்தாலும் 18 ஆண்டு வேலை பார்க்கலாம்.

இது புதிதும் இல்லை. 1875-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த முதல் பெண்களில் ஒருவரான மேரி ஷார்லீப்புக்கு அப்போது வயது முப்பதை ஒட்டி. மணமானவர், பிள்ளைகளின் தாய். ஆண் மருத்துவரிடம் காட்ட முடியாமல் பெண்கள் பிரசவத்தில் பட்ட பாடுதான் அவரைப் படிக்க வைத்தது. திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரி, இன்றைய கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை, அவர் முயற்சியில் எழுந்தது. சென்னையில் எத்தனையோ குடும்பங்களின் பிள்ளைகள் அங்கே பிறந்தவர்கள்.

வார்டிலிருந்து வருகிறவர் எதைக் கொண்டு வருகிறார் என்று கேட்டால், ஒன்றைச் சொல்கிறேன். பிரசவம் முடிந்து ரத்தப்போக்கு நிற்காமல், கர்ப்பப்பையையே எடுக்க வேண்டி வந்த இரவுகளில், சிறுநீரகத்திலிருந்து சிறுநீர் இறங்கும் குழாயான யூரீட்டர், ரத்தக்குழாயை இறுக்கும் கிளாம்ப்பில் மாட்டிவிடக் கூடாது என்று டாக்டர்கள் பதறுவதைப் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேன். ஏன் என்று தெரியாது. அந்த நேரத்தில் கேட்கவும் முடியாது. முதலாண்டில் உடலை அறுத்துப் பார்க்கும் டிஸெக்‌ஷனில் கொழுப்பை மெல்ல விலக்கியபோது, கர்ப்பப்பைக்குப் போகும் தமனி மேலே குறுக்காக ஓட, அதன் அடியில் யூரீட்டர் வெளிறிய நூலாய்ப் போவதைக் கண்டேன். ஃபோர்செப்ஸ் பிடித்த கை கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டது. மேஜையைச் சுற்றி நின்ற பதினெட்டு வயதுப் பிள்ளைகளுக்கு வார்டில் நடப்பதைச் சொன்னேன். ‘இனி இது மறக்காது அக்கா’ என்றார்கள். கைக்குப் போகும் நரம்புப் பின்னலான ப்ரேக்கியல் ப்ளெக்ஸஸை எனக்கு மனப்பாடம் செய்ய வைத்ததும் அதே பிள்ளைகள்தான்.

தேர்வில் சலுகை வேண்டாம். முதலாண்டில் தேர்ச்சி பெற நான்கு வாய்ப்பு என்பது எங்களுக்கும் அப்படியே இருக்கட்டும். சம்பளம் நின்றது எங்கள் வீட்டுப் பாடு, அதையும் இங்கே பேசவில்லை. நான் பேச வந்தது வருகைப் பதிவைப் பற்றி. தியரிக்கு 75, பிராக்டிகலுக்கு 80 சதவீதம் என்பது நல்ல விதி, நோயாளிகளைக் காக்கிற விதி. மகளுக்குக் காய்ச்சல் கண்டு இரண்டு நாள் வராமல் போனால், அந்த பிராக்டிகலை வேறு பேட்ச்சோடு சேர்ந்து செய்து முடிக்க விடுங்கள். செய்யாததைச் செய்ததாக எழுதச் சொல்லவில்லை. இப்போது இது அந்தந்த ஆசிரியரின் மனதைப் பொறுத்தே நடக்கிறது. ஒருவர் ‘சனிக்கிழமை வாம்மா’ என்கிறார், இன்னொருவர் கதவைச் சாத்துகிறார். துறைக்கு ஒரு வழிமுறை எழுதி வையுங்கள். அது அப்பாவுக்கு உடம்பு சரியில்லாமல் ஊருக்குப் போய் வரும் இளம் மாணவருக்கும் உதவும்.

அப்புறம், வைவா என்கிற வாய்மொழித் தேர்வில் ‘இந்த வயதில் எதற்கு?’ என்று ஆரம்பிக்காதீர்கள். பாடத்தில் எவ்வளவு கடினமான கேள்வி வேண்டுமானாலும் கேளுங்கள். படித்துவிட்டுத்தான் வருகிறோம். அந்த ஒரு கேள்வியில் பதில் தொண்டையிலேயே நின்றுவிடுகிறது.

அடுத்த பேட்ச்சுக்கு புதிதாகச் சேர்ந்தவர்களுக்கான அறிமுக வகுப்பான ஃபவுண்டேஷன் கோர்ஸ் தொடங்கும்போது, வயதில் மூத்து வந்தவர்களைத் தனியாகக் கூப்பிட்டு, வீட்டில் யாரைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது, ஹாஸ்டலா தினமும் வந்து போவதா என்று முதல் வாரத்திலேயே விசாரித்துவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மாணவிகளில் ஒருத்தி